உமேஷ் மாடியில் மணல்

பிப்ரவரி 9
மாடம்பாக்கம் காலனி சங்கக் கூட்டம். மாடிக் கீரைக்காக உமேஷுக்குச் சால்வை போர்த்தினார்கள். மூன்று வருடமாக அவன் மாடியில் நானும் சேர்ந்து வளர்த்த கீரை. கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் சேர்ந்த அந்தக் கலவை, நான் பல தடவை கெடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. மைக்கில் என்ன சொன்னான்? "கலவை என்னோடது. பக்கத்து வீட்டு வித்யா அக்கா ஹெல்ப்புக்கு வருவாங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 11
இனி அந்த மாடிப்படி ஏறமாட்டேன்.

மார்ச் 6
எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். கலவையை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டுத் தொட்டிகளில் சலித்த மணலை நிரப்புகிறான். அவன் மனைவி ஓவியா சுவரருகே வந்தாள்.
"கோகோபீட்ல பூச்சி வருதுக்கா. பாக்க வர்றவங்களுக்கு நீட்டா இருக்கணும்னு சொல்றாரு. இதுல சரியா வருமா?"
வராது. மணலில் தண்ணீர் நிற்காது. உரத்தையும் கழுவிக்கொண்டு அடியில் ஓடிவிடும். சித்திரை வெயிலில் வேளைக்கு வேளை ஊற்ற வேண்டியிருக்கும். வாய் வரை வந்தது.
"அவரையே கேளு. நான் ஹெல்ப்புக்கு வந்தவதானே."
அவள் முகம் சுருங்கிவிட்டது. சொன்ன திருப்தியில் எனக்கு இன்றைக்கு நல்ல பசி.

ஏப்ரல் 17
என் மாடியில் பழைய கலவையில் சிறுகீரை. காலையில் ஒரு முறை ஊற்றினால் போதும், சாயங்காலம் விரலை விட்டால் உள்ளே ஈரம். அவன் மோட்டார் காலை, மதியம், மாலை என்று ஓடுகிறது. அப்படியும் பாலக் துவண்டு கிடக்கிறது. எதிர்வீட்டு சரோஜினி மாமி இனிமேல் என்னிடம்தான் கீரை வாங்குவாராம். "அவனோடது நாரா இருக்குடி." இன்னொரு முறை சொல்லுங்கள் மாமி என்று கேட்கத் தோன்றியது.

மே 4
அவன் வீட்டு வாசலில் போர்வெல் போடும் லாரி. இன்னும் ஆழமாகப் போடுகிறான். போடட்டும். பாதாளம் வரை உறிஞ்சினாலும் அந்த மணலில் நிற்காது.

மே 14
குழாயைத் திறந்தால் காற்று. "அவன் போர் நம்மதுக்குக் கீழ போயிடுச்சு. அவ்ளோதான்" என்றார் என் வீட்டுக்காரர். மாமி வீட்டிலும் தண்ணீர் இல்லை.
மார்ச்சில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் — எதுக்கு சொல்லணும்? கலவைக்கு என் பேரை அவன் சொன்னானா? ஆனா மாமி என்ன பண்ணாங்க? முட்டி வலியோட குடத்தைத் தூக்கிட்டு தண்ணி லாரிக்கு நிக்கறாங்க.

மே 22
உமேஷே வந்தான். "எவ்ளோ ஊத்தினாலும் நிக்கலக்கா. பழைய மாதிரி கலந்து குடுங்க."
"எல்லார் முன்னாடியும் சொன்னே இல்ல? எல்லார் முன்னாடியும் கேளு."

ஜூன் 1
கேட்டான். கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு. "அது வித்யா அக்காவோட கலவை. என்னோடதுன்னு சொன்னது பொய்." ஓவியா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனித்தது. இல்லை என்று எழுதமாட்டேன்.
கோகோபீட்டை உப்புப் போக அலசுவது, எவ்வளவு உரம் சேர்ப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வெளியே வரும்போது மாமி என் கையைப் பிடித்தார்.
"ஓவியா அப்பவே உன்னைக் கேட்டாளாமே. சொல்லியிருக்கலாமேடி."
கையை விட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 27
உமேஷ் தொட்டிகளுக்கு இப்போது காலையில் மட்டும்தான் தண்ணீர். எங்கள் போரில் இன்னும் தண்ணீர் ஊறவில்லை. லாரித் தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்குமே சரி. என் தொட்டிகள் காய்ந்துவிட்டன. மாமி அவனிடமே கீரை வாங்குகிறார். சாயங்காலம் ஓவியா ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல இளசு. ஆய்ந்து வைத்திருக்கிறேன். நாளை லாரி வந்தால்தான் கழுவ முடியும்.