வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர்

என் வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம்தான், அவருடைய முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்காதே, ஈரமண்ணை நம்பவே கூடாது.

உன் அறிக்கை போன வாரம் வந்தது. அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, அம்மாவையே மிஞ்சிட்டா பாரு என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் வரை கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற அம்மா உண்டா என்றால், இதோ குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரை நிலப்பிளவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவள் நான். ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் நகர்ந்து நகர்ந்து பிளவு ஒரு பழைய ஓடையைப் பதினொரு மீட்டர் இழுத்துப் போட்டிருந்தது, ஓடையின் அடிமண்ணில் கிடைத்த கரித்துண்டுக்கு வயது இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது, ஆக வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர் நகர்வு. ஒரு பெரிய நிலநடுக்கத்தில் மூன்றரை மீட்டர் நகரும், அதனால் ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை, கடைசியாக ஆடி முந்நூற்று அறுபது வருஷம்தான் ஆகிறது, பயமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். நீ போன வருஷம் வந்து என் பள்ளத்துக்குப் பத்தடி தள்ளித் தோண்டி, அதே அடிமண்ணில் கருகிய விதைகளைப் பொறுக்கிக் கொண்டுபோய், ஓடைக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது வயதுதான் என்கிறாய். வேகம் இரண்டு மடங்குக்கும் மேல், வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர், நானூறு வருஷத்துக்கு ஒருமுறை. அப்படியானால் நாற்பது வருஷம்தான் பாக்கி, அதுவும் சராசரிக் கணக்கில். நான் பயந்திருக்க வேண்டும். இந்த வாண்டு என்னைத் திருத்துவதா என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது.

அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். பிளவுக்கு முப்பது அடி தள்ளிப் பள்ளிக்கூடத்துக்குப் புது மாடி கட்டுகிறார்கள், அதன் பொறியாளர் வீடு தேடி வந்து, நாலா ஒன்பதா, எதைம்மா நம்புறது என்று கேட்டார். அவ அவசரக்காரி, நாலு விதையை வச்சு ஊரையே பயமுறுத்துறா என்று சொல்லிவிட்டேன். மனுஷர் நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு உன் கணக்கில் ஓட்டை தேடலாம் என்று என் பழைய குறிப்பேட்டைப் பிரித்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது, கரித்துண்டு பெரியது, முனைகள் மழுங்கியவை என்று. எப்போதோ மேட்டில் எரிந்து, ஆயிரத்து ஐந்நூறு வருஷம் மண்ணில் கிடந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து சேர்ந்த கிழட்டுக் கரி அது. அதன் வயதை ஓடையின் தலையில் கட்டிவிட்டேன். விதை அப்படி உருண்டிருந்தால் தூளாகியிருக்கும், அதனால் நீதான் சரி. நேற்றுப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய்க் குறிப்பேட்டைக் காட்டி, என் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். பொறாமை நிற்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது.

நீ நூறு வருஷம் நல்லா இரு, வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காதே. அறிக்கை அச்சாகும்போது என் தப்பை எழுதத்தான் வேண்டும், தயங்காமல் எழுது. அம்மாவுக்கு மழுங்கல் கண்ணில் படவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. பட்டது, பெரிய துண்டு கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டாள் என்று எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வயிற்றெரிச்சல்காரி,
அம்மா