கொட்டாங்குச்சியில் ஒரு நீலத் தீ

2024 நவம்பர் 12

இன்றும் வெயில் ஏமாற்றிவிட்டது. போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறித் தொண்டாமுத்தூர் போய்ச் சேர்ந்து, கண்ணாடித் தட்டைச் சூரியனுக்குத் திருப்பி, உலைக்குள் கொட்டாங்குச்சித் தூளை விடத் தொடங்கினேன். அறுநூறு டிகிரியைத் தொடும்போது மலைப்பக்கமிருந்து மேகம். சூடு இறங்கியதும் வாயுவோடு தார் வந்து குழாயை அடைத்துக்கொண்டது. வடிகட்டித் துணி கஷாயத்தில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது.

ஒன்பது வருடமாக இதே வேலை. நெருப்பு மூட்டாமல், வெயிலை மட்டும் குவித்து, கொட்டாங்குச்சியை எரிவாயுவாக்குவது. முதல் ஏழு வருடம் சக ஆய்வாளர் கிருபாசங்கரோடு. இந்த இரண்டு வருடம் தனியாக.

நவம்பர் 13

துணியைப் படம் எடுத்து அவருக்கு அனுப்ப நினைத்தேன். அனுப்பவில்லை.

நவம்பர் 20

எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. ஒரே ஓர் இடம். நிரந்தரம். வருடாவருடம் நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பது இத்தோடு முடியலாம். உடனே விண்ணப்பித்தேன்.

சாயங்காலம் ஸ்பெயினிலிருந்து கிருபாசங்கர் கூப்பிட்டார்.

"விளம்பரம் பாத்தீங்களாங்க? நானும் போடுறேன். கெடச்சா ஊருக்கே வந்தர்றேனுங்க."

"நானும் போட்டிருக்கேங்க."

"நீங்க போடாம வேற யாரு போடுவாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் வர வேண்டுமென்றால் எனக்குக் கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தால் அவர் வர மாட்டார். இரண்டு வருடமாக எதற்குக் காத்திருந்தேன் நான்?

நவம்பர் 21

தூக்கம் சரியில்லை. 2022 நினைவு. ஸ்பெயின் ஆய்வு நிலையம் எங்கள் இருவரையும்தான் அழைத்தது. அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். தோட்டங்களில் கூலி வேலை செய்தே என்னை டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்தவள். எப்படிப் போவேன்? "நீங்க போங்க" என்றேன். விமான நிலைய வாசலில் அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் வெப்பமானி அளவுகளைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி.

டிசம்பர் 9

காலை ஏழு மணிக்குத் தோட்டக்காரர் வேங்கடசாமி அழைத்தார். அவருடைய தென்னந்தோப்பின் ஓரத்தில்தான் எங்கள் உலை இருக்கிறது.

"ஏனுங்க அம்மணி, பெரியவரு வந்துட்டுப் போயிருக்காருங்க."

யானை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேல் வரிசைக் கண்ணாடிகள் ஒன்பதும் நொறுங்கிக் கிடந்தன. தட்டின் தாங்குகால் வளைந்திருக்கிறது. நேர்காணலுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. "ரெண்டு தென்னையும் போச்சுங்க. மனுசனுக்கு ஒண்ணும் ஆகலியே, அது போதுங்க" என்றார் அவர். எனக்குத்தான் போதவில்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் போய் அழுதேன்.

டிசம்பர் 27

புதுக் கண்ணாடி வர மாதக்கணக்காகுமாம். தாங்குகாலை நிமிர்த்தி, மிச்சக் கண்ணாடிகளை வைத்தே ஓட்டிப் பார்த்தேன். வெளிச்சப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு சாண் கீழே, கரி தேங்கும் அடிப்பகுதியில் விழுந்தது. சரி, ஒரு வீணான நாள் என்று நினைத்தேன்.

வடிகட்டித் துணியைப் பிரித்தால் — வெள்ளை! ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சள். மாட்ட மறந்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் வெள்ளை.

கொட்டாங்குச்சி மிச்சம் விட்ட கரியே பழுக்கச் சூடாகி, தன் வழியாகப் போகும் தாரை உடைத்துவிடுகிறது. இத்தனை வருடமும் அந்தக் கரியைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிக்கொண்டிருந்தோம், அவரும் நானும்.

2025 ஜனவரி 8

பதினோராவது ஓட்டம். நடுவில் பன்னிரண்டு நிமிடம் மேகம் மறைத்தது. கரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது, தார் வரவில்லை. பர்னரில் புகையே இல்லாமல் நீலத் தீ. வேங்கடசாமி அதில் பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றினார். "நல்லா எரியுதுங்க" என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தீயை ஒரே ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 10

"புதுசா ஏதாச்சும் உண்டுங்களா?" என்று அவர் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

ஜனவரி 19

தாங்க முடியவில்லை. நேர்காணலுக்காகக் கிருபாசங்கர் வந்து அந்தியூரில் தன் அப்பா வீட்டில் தங்கியிருக்கிறார். கூப்பிட்டு, "கரியைப் பத்தி ஒண்ணு சொல்லணுங்க" என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாமுங்க. எங்கிட்டச் சொல்லாதீங்க. நேர்காணல்ல சொல்லுங்க. முடிஞ்ச பொறகு நான் கேட்டுக்குறேன்."

"உங்களுக்கும் தெரியணுமில்லீங்களா? நம்ம உலைதானே?"

"பொற்கொடி, நான் விட்டுப்போட்டுப் போனவன். அது உங்க உலை."

ஜனவரி 22

நேர்காணல். நாற்பது நிமிடம். துணிகள் பதினொன்றையும் மேசைமேல் பரப்பி வைத்தேன். வெளியே வராந்தாவில் அவர். நரை கூடியிருக்கிறது, மெலிந்துவிட்டார். அவருடைய முறை வருவதற்குள் இரண்டு நிமிடம் கிடைத்தது. "சாப்டீங்களா?" என்று கேட்டார். "சாப்டேனுங்க" என்றேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 14

எனக்குத்தான்.

அம்மா எதிர்வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். நான் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷம்தான். பொய் இல்லை. ஆனால் அவர் வர மாட்டார்.

பிப்ரவரி 15

அவரே ஸ்பெயினிலிருந்து கூப்பிட்டார். "உங்களுக்குத்தான் வரணும், வந்துருச்சு. வருத்தம் எல்லாம் எதுவும் இல்லீங்க." குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது.

கரியைப் பற்றி முழுதும் சொன்னேன். ஒரு மணி நேரம் கேள்விமேல் கேள்வி. பழைய நாட்கள் போலவே. எல்லாம் பேசித் தீர்ந்தபிறகு, எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை — "நீங்க வந்துருவீங்கன்னு தினமும் நெனச்சேனுங்க. ஆராய்ச்சிக்காக இல்லீங்க."

"அன்னைக்கு ஏர்போர்ட்ல நான் சொல்ல வந்ததும் அதுதானுங்க" என்றார்.

மார்ச் 3

கல்லூரி வகுப்புகள், விடைத்தாள்கள், உலை. எழுத நேரமில்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு அவருடைய ஃபோன் வருகிறது. கேட்கக் கேட்க ஆசை அடங்கவில்லை. முகம் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 11

ஸ்பெயின் நிலையத்திலிருந்து கடிதம். தாரை உடைக்கும் நம் கரிப்படுகையை அவர்களுடைய பெரிய கண்ணாடிகளில் சோதித்துப் பார்க்க, கோடை விடுமுறையில் ஐந்து வாரம் வரச் சொல்கிறார்கள். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கம்பு ஊனாம நடக்குறேன், இன்னும் என்னைச் சாக்குச் சொல்லிட்டிருப்பியா?" என்றாள்.

ஏப்ரல் 24

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"எதுக்குங்க வெளிநாடு போறீங்க?"

"ஆராய்ச்சிக்குங்க. வெயில்லயும் கொட்டாங்குச்சியிலயும் எரிவாயு எடுக்குற ஆராய்ச்சி."

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் கேட்டைச் சாத்தும் வரை காத்திருந்துவிட்டு அம்மா சொன்னாள்:

"போலீசுகிட்டயே முழுசாச் சொல்லலியே கண்ணு."