களத்தில் சொல்லக் கூடாத சொல்

என் ராணிக்கு, இரண்டு மாதம் மூத்தவள் என்று கடைசிவரை என்னை அதட்டிய மச்சாளுக்கு,

நாளைக்கு வவுனியாவில் நேர்முகப் பரீட்சை. தாதிப் பயிற்சிக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து விண்ணப்பம் போட்டோமே, அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ராணி. தனியாக பஸ் ஏறப் பயம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆங்கிலத்தில் கேட்கப்போகிறவர்களை நினைத்தால் இப்போதே நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ. ஆனால் என் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நெல் பால் பிடிக்கும் காலத்தில் நாம் கிளி கலைக்கப் போனது நினைவிருக்கிறதா? நம் ஊர் வட்டக்கச்சி முழுக்கத் தகரம் தட்டி "ஆய், ஊய்" என்று கத்தும். வீணாய்ப் போகும் சத்தத்தில் நாலு சொல்லாவது படிக்கலாமே என்றவள் நீ. உன் வரம்பிலிருந்து ஒரு சொல்லைக் கூவுவாய். என் வரம்பிலிருந்து நான் கருத்தைக் கூவ வேண்டும். பிறகு அதே கருத்துள்ள வேறு சொல். கடைசியில் அந்தச் சொல்லின் சொந்தபந்தம் எல்லாம்.

"புதுச் சொல் எண்டால் கலியாணம் பேசுற மாதிரி விசாரிக்க வேணுமடி. என்ன வேலை, ஆரின்ர சாயல், ஆர் ஆர் சொந்தம் எண்டு கேக்காமல் வீட்டுக்க எடுக்கப்படாது" என்பாய். "கெயார்" என்று நீ கூவினால் "கெயார்ஃபுல், கெயார்லெஸ், கெயார்லெஸ்னஸ்" என்று நான் வரிசையாகக் கூவுவேன். கெயார்லெஸ் அந்தக் குடும்பத்தின் உதவாக்கரை என்று நீ பேர் வைத்தாய். உன் அம்மா, என் மாமி, பக்கத்து வயலில் தகரம் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா.

பிறகு அறுத்த கதிரைக் களத்தில் போட்டு மிதிக்கும் சூடடிப்பு வந்தது. நம் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்தவர்கள். களத்தின் சட்டதிட்டங்களை இந்த மண்ணின் பழைய ஆட்கள்தான் சொல்லித் தந்தார்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி. நெல் அள்ளும் கடகத்தைக் கடகம் என்று சொல்லக்கூடாது, பெருவாயன். "இல்லை" என்றோ "முடிந்தது" என்றோ வாய் தவறியும் வரக்கூடாது. சாவுப் பேச்சு அறவே கூடாது. களத்தைச் சுற்றித் திரியும் பூதம் கேட்டுவிட்டால் விளைச்சலை எடுப்பதோடு நிற்காது என்றார்கள்.

"பூதத்துக்கு இங்கிலீஷ் தெரியாதெடி" என்றாய் நீ. களத்து ஓரத்தில் நின்றுகொண்டு "எம்ப்டி" என்று கூவினாய். அடுத்து "டை" என்றாய். நானும் விடவில்லை. "டைட், டையிங், டெட், டெத், டெட்லி" என்று பதில் கூவினேன். மாமி சுளகும் கையுமாகத் திரும்பி, "களத்தில என்ன கூத்து?" என்று அதட்ட, நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சூடடித்த கிழமையே உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊர்க் கசாயத்துக்கு அது அடங்கவில்லை. வண்டில் கட்டிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் உன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தாதியின் பக்கம் திரும்பி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். வயற்காட்டுச் சனத்துக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். எனக்கு விளங்கியது. நீ களத்தில் கூவிய 'டை'யின் சொந்தங்களில் ஒன்று அது.

"என்ன பிள்ளை சொல்லினம்?" என்று மாமி என் கையைப் பிடித்து உலுக்கினா. என் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து மற்றச் சொற்கள் எல்லாம் வருகின்றன, அந்தச் சொல்லின் குடும்பம் மட்டும் வருவதில்லை. தமிழிலும் வரவில்லை. ஊர் முழுக்க "ராணி மோசம் போயிட்டாள்", "தவறிட்டாள்" என்கிறது. நான் அதையும் சொன்னதில்லை. பூதத்துக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததோ என்றும் சில நேரம் நினைக்கிறேன். படித்த பிள்ளை இப்படி நினைக்கலாமா என்று கேட்காதே. ஏன் தாதியாக விரும்புகிறாய் என்று நாளைக்குக் கேட்பார்கள். உண்மையான பதில் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே போய் ஊமையாக நின்றால் என்ன செய்வேன்?

இன்று மத்தியானம் மாமி உன் நீல நூல்சேலையை மடித்துக்கொண்டு வந்தா. நாளைக்கு அதைத்தான் உடுக்க வேண்டுமாம். தந்துவிட்டுப் போகாமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டா.

"ராணி இருந்தால் இண்டைக்கு உன்னைச் சும்மா விடுவாளோ? நான் கேக்கிறன், நீ சொல்லு."

"கெயார்" என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் இழுவை அப்படியே மாமியின் வாயில் இருந்தது. சொந்தங்களை அடுக்கினேன். "எம்ப்டி" என்றா. அதையும் சொன்னேன்.

"களத்தில நிண்டு கத்தினியள், 'டை' எண்டு. அதுக்கு என்ன கருத்து?"

சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டனி" என்றா மாமி. "நீ சொல்லேல்லை. உன்ர முகத்தைப் பாத்துத்தான் எனக்கு விளங்கினது. நாளைக்கு நீ தாதியாய் நிக்கேக்கை வேற ஒரு தாய் வந்து கேப்பாள். அவளையும் முகத்தைப் பாத்து விளங்கச் சொல்லுவியோ? பெத்தவளுக்கு வாயால சொல்லு பிள்ளை. கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லு."

நான் மாமியின் கையைப் பிடித்தேன்.

"ராணி செத்துப்போனாள் மாமி."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"ஓம் பிள்ளை" என்றா. "இனி அதின்ர சொந்தங்களைச் சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன் ராணி. ஒன்றும் விடவில்லை.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் நாளைக்குப் பஸ் ஏறுவேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் தாய் என்னிடம் "என்ன சொல்லினம்?" என்று கேட்டாலும், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என் வாயால் சொல்வேன்.

எதிர் வரம்பில் இன்னமும் நிற்கும்
உன் மச்சாள்,
மலர்