மெத்தைக்குள் போன ஊசி

அக்கா,

இன்று காலை மின்விசிறியைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். இறக்கையின் மேல்பக்கம் அழுக்கோடு அழுக்காக இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. உன் மெத்தையைப் பிரித்த அன்றைக்குப் பிறகு எத்தனையோ முறை வீட்டைப் பெருக்கியாகிவிட்டது. இது மட்டும் யார் கண்ணிலும் படாமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. துடைக்க மனசு வராமல் அப்படியே நின்றேன். நீ இருந்திருந்தால், ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவன் என்று ராயபுரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பாய். காசிமேட்டில் மீன் விற்ற தொண்டை ஆயிற்றே.

மாமா போன பிறகு நீ என் வீட்டுக்கு வந்தபோது உன்னோடு வந்தவை ஒரு புடவை மூட்டையும் சர்க்கரை நோயும்தான். இன்சுலின் ஆரம்பித்த அன்றே, துணி துவைக்கிற திரவம் வந்த கெட்டி பாட்டிலைக் கழுவிக் காய வைத்தாய். போட்ட ஊசி நேரே அதற்குள் போய்விட வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, மாத்திரை வாங்குகிற ஆஸ்பத்திரியில் கொடுத்து வரச் சொல்வாய். காயலான் கடைப் பக்கம் அது போய்விடக் கூடாது. அக்காவின் நகைப்பெட்டி என்று நான் கிண்டல் செய்வேன். கெளுத்தி மீனின் முள்ளைக்கூட ஒடித்துக் காகிதத்தில் மடித்துப் போடுகிறவள் நீ. அது உன் சுபாவம் என்று அத்தோடு விட்டுவிட்டேன்.

சிறுநீரகம் கைவிட்டு, வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அது நடந்தது. ஒரு சாயங்காலம், படுத்தபடியே இன்சுலின் போட்டுக்கொண்டு, இன்சுலின் பேனாவிலிருந்து ஊசியைக் கழற்றினாய். கை தவறி அது நழுவி, மெத்தையின் ஓரத்தில் தையல் விட்டிருந்த இடத்துக்குள் போய்விட்டது. பேனா ஊசிக்கு இந்தப் பக்கமும் முனை, அந்தப் பக்கமும் முனை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ கேட்கவில்லை. உன்னைத் தூக்கிப் பாயில் படுக்க வைத்த பிறகுதான் பேசினாய்.

"நான் பூட்டா இந்த மெத்தைய இன்னா பண்ணுவீங்கோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீயே பதிலும் சொன்னாய். நம் தெருவில் யார் செத்தாலும், அவர்கள் படுத்திருந்த மெத்தையும் தலையணையும் பின்னாலேயே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்விடும். மாமாவுக்குப் பால் ஊற்றப் போனபோது, அவர் மெத்தையை ஒரு பெண் கிழித்து, இரண்டு கையாலும் பஞ்சை வாரிக் கோணியில் திணித்துக்கொண்டிருந்தாளாம். அதை வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னதே நான்தானாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. சுடுகாட்டில் கால் வைத்தே இராத நீ, பார்த்தே இராத ஒருத்தியின் கைகளை இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறாய்.

மெத்தையை நான் அனுப்பவே மாட்டேன் என்றேன்.

"அன்னிக்கு உனுக்கு புத்தி எங்கடா இருக்கும்? நாலு பேரு தூக்கினு பூடுவாங்கோ. இப்பவே தேடு நைனா."

சாத்தாங்காட்டில் நான் வேலை பார்க்கிற இரும்புக் கடையின் பெரிய காந்தத்தை மறுநாள் முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தேன். மெத்தை முழுக்க அழுத்தித் தேய்த்ததில் ஓர் ஊக்கும் ஒரு கொண்டை ஊசியும்தான் வந்தன. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நீ சிரித்தாய். "எவர்சில்வருக்கு காந்தம் ஒட்டாதுன்னு தெனம் பீத்திக்கினு இருப்பியே." காந்தம் வைத்து இரும்பைப் பிரிப்பதுதான் எனக்குப் பிழைப்பே. இருந்தும் அது உறைக்கவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்து, அழுகையும் வந்துவிட்டது.

பிறகு தையலைப் பிரித்தேன். விசிறியை நிறுத்த மறந்ததில் அறை முழுக்கப் பஞ்சு பறந்தது, அதற்கும் திட்டு வாங்கினேன். அடுப்படி இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உன் கறுப்புப் புடவையில் பரப்பினேன். நீ பாயில் ஒருக்களித்துப் படுத்து டார்ச் அடித்தாய். கை சோர்ந்தால் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாயே தவிர, என்னிடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஊசியைக் கண்டுபிடித்ததும் நீதான். இடுக்கியால் பிடித்து பாட்டிலில் போட்டு மூடியைத் திருகினேன். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாய். கண்ணெதிரே சாவை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் விரலுக்காகத் தவித்த உன்னைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவள்தான், கூடவே சண்டை போட்டவள்தான். ஆனாலும் உன் அருகில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று இன்றுவரை எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

நான் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்த அந்த மெத்தையில்தான் உன் உயிர் போனது. நீ சொன்னபடியே அன்று எனக்குப் புத்தி எங்கேயோ போய்விட்டது. மெத்தையை யார் தூக்கினார்கள் என்றுகூடத் தெரியாது.

மறுநாள் சுடுகாட்டில் உனக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். சுவர் ஓரமாக ஒருவர் உன் மெத்தையைக் கிழித்து வைத்திருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று கையை வெளியே எடுத்துக்கொண்டார். "எங்க அக்காவோடது. தைரியமா எடுத்துக்கோ," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முழங்கை மறைகிற வரைக்கும் கையை உள்ளே விட்டார். உறவுக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது உடைந்த கண்ணாடியோ பழைய பிளேடோ, எதைப் போடப் போனாலும் குப்பைக் கூடைக்கு மேல் என் கை சற்று நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் யாரோ கையை நீட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது, அக்கா.