துளையிட்ட பொற்காசு

மாட்டுங்கா, 14 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

திலக் நகரிலிருந்து ஆராய்ச்சி மாணவி விமலா வந்தாள். ரோமானியக் காசுப் புதையல் பற்றி, மறைந்த என் கணவர் எழுதிய கட்டுரையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"அந்தக் காலத்துப் பொம்மனாட்டிகள் ரோமானியக் காசைக் கழுத்துல போட்டுண்டாங்கறதுக்கு ஸார் காட்டின துளைதான் மாமி, என் தீஸிஸுக்கே ஆதாரம்."

அந்தத் துளையைப் போட்டது நான். ஊரில் எங்கள் தோட்டத்தில் தோண்டியெடுத்த காசுகள் இங்கே வந்தபோது அவர் டூரில் இருந்தார். நவராத்திரிக்கு ஒன்றைச் சங்கிலியில் கோக்க ஆசைப்பட்டு, ஆசாரியிடம் கொடுத்துத் துளை போட்டு வாங்கினேன். பிறகு பயந்துபோய் மற்ற காசுகளோடு வைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் துளையைக் கண்டு குழந்தை மாதிரிக் குதித்தார். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று விமலாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயோ மாமி, ஸார் பேர் என்ன ஆகும்? என் காதுல விழலேன்னு வெச்சுக்கறேன்."

"விழுந்தாச்சு. எழுது. துளை போட்டது அவர் பெண்டாட்டின்னு என் பேரோட எழுது."

அவள் போனபின் அவருடைய பிரதியை எடுத்தேன். கான்வென்ட்டில் கற்றபடி, அந்தத் துளையைப் பற்றிய வாக்கியத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்.