வெள்ளைக் குட்டியின் காது

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று நடந்ததில் என் தவறையும் சேர்த்து, உள்ளபடியே எழுதப் போகிறேன்.

எங்கள் ராஜபாளையம் நாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்று மட்டும் பால் வெள்ளை, நீலக் கண். காலையில் குட்டிகள் தூங்கும்போது பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். நான்கு விழித்தன. வெள்ளைக் குட்டி அசையவில்லை; அதற்குக் காது கேட்கவில்லை. வெள்ளை நிறத்துக்காகவே பல தலைமுறை இணைசேர்த்ததில் இந்தக் குறையும் கூட வந்தது என்று படித்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத அம்மணி. இனத்தைப் பெருக்கோணும்னுதான் தாராபுரத்துக்காரர் குட்டி வாங்க வாரார்" என்றார். அதனால்தானே சொல்ல வேண்டும்?

வந்தவர் நேராக அந்தக் குட்டியைத்தான் தூக்கினார்.

"ஏனுங்க மாமா, அதுக்குக் காது கேக்காதுங்க. அதுல குட்டி எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் தனியாக இன்னொரு முறை பேசியிருக்கலாம். அதுதான் என் தவறு. சொன்னது தவறில்லை.

அவர் குட்டியின் தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார். "ஊட்டுலயே டாக்டர் வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நல்லதா ஒண்ணை நீயே எடுத்துக் குடு கண்ணு."

காதோரம் பழுப்பு விழுந்த பெட்டைக் குட்டியைக் கொடுத்தேன்.

அவர் போனதும் அப்பா வெளியே கிளம்பிப் போய் மாலையில்தான் திரும்பினார். இரவு பால் வைக்கும்போது வெள்ளைக் குட்டியின் அருகே தரையைக் காலால் ஓங்கி மிதித்தார். அது திரும்பி ஓடி வந்தது. "மிதிச்சாத் தரை அதிர்றது அதுக்குத் தெரியுது பாரு அம்மணி" என்றார்.

அம்மா லைட்டை அணைக்கச் சொல்கிறார்.