வலது குழல்

3-1-1982, ஞாயிறு

ஆலங்காயத்திலிருந்து கோபால்சாமி வந்துவிட்டுப் போனான். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறான். பேச்சில் மட்டும் இன்னும் எல்லையில்தான் நிற்கிறான். இந்த மலைக்கும் அடிவாரத்துக்கும் சேர்த்து, கைக்குள் அடங்கும் பழைய பைனாகுலர்களைச் சேர்க்கும் பைத்தியங்கள் இரண்டே பேர். ஒருவன் அவன். இன்னொருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

வழக்கம்போல மலைரோட்டு வளைவில் கட்டைச்சுவரின் மேல் உட்கார்ந்து ஒப்பிட்டோம். எதிர்ச்சரிவில் முனியன் நிலத்துப் புளியமரம்தான் எங்களுக்குக் குறி. உச்சிக் கிளையில் காய்களைத் தனித்தனியாகக் காட்டினால் மையத்துக்குப் பத்து மார்க். பிறகு ஓரம், வெளிச்சம். கடைசியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடது குழல் தனியாக, வலது குழல் தனியாக. எல்லாம் கோடு போட்ட நோட்டில் ஏறும். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வயதுக்கு மேல்.

என் பிரெஞ்சுக் குட்டிக்கு எல்லாவற்றிலும் பத்து. பாண்டிச்சேரியில் எந்தத் துரை விட்டுப் போனதோ, வாணியம்பாடி பழைய சாமான் பாய் கடையில் பூட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. சட்டைப்பையில் போட்டால் தீப்பெட்டிக்கு இடம் மிச்சம் இருக்கும். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிய கோபால்சாமி அதைத் திருப்பித் தர எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பீடி குடித்து முடித்திருக்கலாம்.

'குடுத்துடேம்பா, பதிலுக்கு என் ரஷ்யா பைனாகுலர வச்சிக்கோ' என்றான். ஆறு வருஷமாக இதையே சொல்கிறான். நானும் ஆறு வருஷமாகச் சிரிக்கிறேன். சாயங்காலம் நான் ஓட்டும் டிரிப் ஜீப்பிலேயே திருப்பத்தூரில் இறக்கிவிட்டேன்.

10-1-1982

முனியன் ஜீப்பை நிறுத்திக் கேட்டான்: 'இன்னா டிரைவரே, வாராவாரம் எங்க மரத்தையே பாக்கறீங்க. புளி குத்தகக்காரன் அனுப்ச்சானா?' மரத்தைப் பார்க்கவில்லை, பைனாகுலரைப் பார்க்கிறோம் என்றேன். அதற்கு அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

24-1-1982, ஞாயிறு

பிரெஞ்சுக் குட்டியின் வலது குழலில் மங்கல். பால் கலந்த தண்ணீர் வழியாகப் பார்ப்பதுபோல. பனியன் துணியால் துடைத்தேன். போகவில்லை. பூஞ்சைதான், சந்தேகமில்லை. இந்த மலைப்பனி இரும்பையே தின்கிறது, லென்ஸை விடுமா.

மனசே சரியில்லை. பாஞ்சாலி காய்ச்சலா என்றாள். பெண்டாட்டியிடம் கண்ணாடிக்குப் பூஞ்சை என்று சொல்ல முடியுமா? ஆமாம் என்றேன். கஷாயம் குடிக்க வேண்டியதாயிற்று.

7-2-1982

என் ஜப்பான் பைனாகுலர் இரண்டிலும் மங்கல். இரண்டிலும் வலது பக்கம். ஜெர்மன்காரனை இன்னும் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது.

9-2-1982

பார்த்தேன். அதுவும். அதுவும் வலதுதான்.

ஒரு மணி நேரம் யோசித்துக் காரணம் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் வடக்குச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வலது பக்கம்தான் சுவரை ஒட்டி நிற்கிறது. சுவரின் ஈரம் அந்தப் பக்கமாக ஏறுகிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியது தப்பு. என்னைப்போல் யோசிக்கிறவன் ஜீப் ஓட்டிக்கொண்டு திரிகிறான்.

என்னிடம் இருக்கும் ஆறு பைனாகுலரையும் சாமைப் பானைக்குள் புதைத்தேன். சாமை ஈரத்தை இழுத்துவிடும்.

11-2-1982

பாஞ்சாலி சாமை அளக்கப் போய் ஜெர்மன்காரனை அள்ளியிருக்கிறாள். 'சோத்துக்கு வச்சிருக்கற பானையில இன்னாங்க இது கருவாட்டுத் தல மாதிரி' என்றாள். அவளுக்கு என்ன தெரியும். பானையை மாற்றச் சொன்னேன். 'வூட்ட மாத்திக்கறேன்' என்றாள்.

14-2-1982, ஞாயிறு

கோபால்சாமி வந்தான். என் நோட்டைப் புரட்டினான். மங்கலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பிரெஞ்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். விலை குறைந்துவிடும் அல்லவா.

'எல்லாத்துலயும் வலதா?' என்றான்.

சுவர், ஈரம், ஆணி எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என் அறிவைக் கண்டு வாயடைத்துப் போயிருப்பான்.

போகும்போது ஜீப்பில் ஏறு என்றேன். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்று கட்டைச்சுவரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஓசிச் சவாரி கூடாதாம். திடீரென்று வந்த ராணுவ கௌரவம்.

28-2-1982

இன்றும் பஸ்தான். கௌரவம் முற்றிவிட்டது.

19-3-1982

நான்காவது வளைவில் ஜீப்பின் வலது மட்கார்டு பாறையில் உரசிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாறை அங்கேதான் இருக்கிறது, இன்றைக்கு என்ன வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது? முதலாளி வேடியப்பன், 'இன்னா மாதையா, தூங்கிட்டியா' என்றார். ரோடு போட்டவனைத் திட்டினேன்.

ஜூனில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டாக்டரிடம் கண் சர்ட்டிபிகேட் வாங்கி வை என்றார். என் கண்ணுக்கு சர்ட்டிபிகேட். எதிர்மலையில் புளியங்காயைப் பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு.

11-4-1982, ஞாயிறு

இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும்.

பிரெஞ்சுக் குட்டியைக் கோபால்சாமியின் தலையில் கட்டிவிட்டேன். மங்கல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் ஒரு மாதம் விட்டால் வலது குழலில் முக்காடு போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்குள் தள்ளிவிட நினைத்தேன். அவனே வந்து வாயைக் கொடுத்தான். 'ரஷ்யா வேணுமா, இல்லியா? கடசியா கேக்கறேன்.' நான் பெருமூச்செல்லாம் விட்டு, பிள்ளையைத் தத்துக் கொடுப்பவன்போலக் கையில் கொடுத்தேன்.

அவன் வலது குழலைச் சோதித்தான். 'பளிச்சுனு கீது' என்றான். பட்டாளத்தில் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா எல்லையைக் காத்தான். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

25-4-1982

ரஷ்யாவிலும் வலது குழல் மங்கல். இரண்டே வாரத்தில். சாமைப் பானையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. இப்போது சாமையின் மேல் சந்தேகம்.

23-5-1982, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

காலையில் ரஷ்யாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பாஞ்சாலி என்றும் இல்லாத அதிசயமாக, 'அப்படி இன்னாதாங்க தெரியுது, குடுங்க' என்றாள். கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள் — மேல் பக்கம் கீழே. வலது குழல் இடது கண்ணுக்கு, இடது குழல் வலது கண்ணுக்கு. 'முனியன் மரம் தெரியுது, நல்லாத்தான தெரியுது' என்றாள்.

தலைகீழாய்ப் பிடித்திருக்கிறாய், மங்கல் குழல் எது என்றுகூடத் தெரியவில்லை, இதற்குப் பேசாமல் உரலில் பார்த்திருக்கலாம் என்று பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் திருப்ப மறந்து அப்படியே கண்ணில் வைத்தேன்.

வலது பக்கம் மங்கல்.

வலது பக்கம் இப்போது இருப்பது இடது குழல். நல்ல குழல். அதுவும் மங்கலா? திருப்பினேன். வலது மங்கல். மறுபடி தலைகீழாக. வலது மங்கல். பானையைக் கவிழ்த்து ஆறையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவசரத்தில் சாமை முற்றமெல்லாம் சிதறியது. கடைசியில் எதையும் பிடிக்காமல் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன்.

முனியன் மரம் இல்லை. மலை இருந்தது, புகை மாதிரி. எதிரே நின்ற பாஞ்சாலிக்கு மூக்கு இல்லை, வாய் இல்லை.

பதினைந்து வருஷமாகக் குழலைச் சோதித்திருக்கிறேன். மார்க் போட்டிருக்கிறேன். கண்ணுக்கு மார்க் போட எவனுக்குத் தோணும்?

'இன்னாங்க?' என்றாள். ஒன்றுமில்லை, சாமையைப் பொறுக்கு என்றேன்.

24-5-1982

இரண்டு டிரிப். பதினாலு பேர். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கண் இருக்கிறதே.

30-5-1982

கோபால்சாமி வரவில்லை. பிரெஞ்சோடு கொஞ்சிக்கொண்டிருப்பான். பூஞ்சையே இல்லாத பிரெஞ்சோடு. யாரை யார் ஏமாற்றியது என்று நினைத்தால் எனக்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

லைசென்ஸ் சர்ட்டிபிகேட்டுக்குப் போனால் டாக்டர் ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லுவார். விரலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் நல்ல கண்ணால் படித்துவிடலாம். காலண்டர் முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. ஜீப் இல்லாவிட்டால் நான் யார்? டிரைவரே என்று கூப்பிடுகிறவன் பிறகு என்னவென்று கூப்பிடுவான்?

பாஞ்சாலி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ராத்திரிச் சோற்றில் உப்பு இல்லை.

3-6-1982, வியாழன்

குப்பம்மாவை இடித்துவிட்டேன்.

முனியன் பெண்சாதி. தலையில் பலாப்பழத்தோடு வலது ஓரமாக, ஒழுங்காகத்தான் நடந்து வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்துக் கண்ணாடி பழத்தில் இடித்த சத்தம்தான் கேட்டது. பழம் சரிவில் உருண்டு போய்ப் பாறையில் பிளந்தது. அவள் கட்டைச்சுவரின் மேல் விழுந்து கிடந்தாள். நாங்கள் உட்கார்ந்து மார்க் போடும் அதே சுவர். அது இல்லாவிட்டால் பழம் போன வழியிலேயே போயிருப்பாள். முழங்கை தேய்ந்து ரத்தம்.

எழுந்ததும் சேலையை உதறிக்கொண்டு அவள் சொன்னது: 'எம் மேலதான் தப்பு டிரைவரே. நீங்க வர்ற சத்தம் கேட்டும் ஒதுங்காம வந்துட்டேன்.'

எம் மேலதான் தப்புன்றா. அவ மேல. நான் வாய தொறக்கல. ஜீப்ல இருந்தவங்க எல்லாம் அவளுக்குப் புத்தி சொன்னாங்க, நான் கேட்டுக்கினு உக்காந்திருந்தேன். த்தூ. பதினோரு நாளா தெரியும்டா உனக்கு.

4-6-1982

சாவியை வேடியப்பனிடம் கொடுத்துவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். 'டாக்டர எப்டினா சரி பண்ணிக்கலாம், மாதையா, இதுக்கா சாவிய குடுக்கற' என்றார். என்னைவிடப் பெரிய விரல் இடுக்குக்காரர்.

பிறகு முனியன் வீட்டுக்குப் போய்க் குப்பம்மாவிடமும் சொன்னேன். முனியன் அடிப்பான் என்று நினைத்துத்தான் போனேன். அவன் யோசித்துவிட்டு, 'அப்ப இத்தன நாளா எங்க மரத்த சரியாவே பாக்கலியா?' என்றான். கேட்டதில் கேலி இல்லை. அதனால்தான் வலித்தது.

12-6-1982

திருப்பத்தூரில் கண் டாக்டர். புரையாம். இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் அறுக்கலாம், அதுவரை வீட்டில் இரு என்றார். குப்பம்மாவின் பலாப்பழமாவது முற்றிய பிறகு உருண்டது.

1-7-1982

வேடியப்பன் புளி குடோனில் காவல் வேலை கொடுத்திருக்கிறார். கண் போனவனைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் படித்தாரோ. புதிய டிரைவர் ராஜாக்கண்ணு, திருப்பத்தூர் ஆள். வளைவில் ஹாரன் அடிக்கிறான். எனக்கு அந்தப் பழக்கமே இருந்ததில்லை.

11-7-1982, ஞாயிறு

கோபால்சாமி வந்தான். கழுத்தில் பிரெஞ்சுக் குட்டி.

முதலில் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். பூஞ்சை என்று நினைத்து, மறைத்து, உன் தலையில் கட்டினேன். என் கண்தான் பூஞ்சை, என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான். அவன் ஆச்சரியப்படவில்லை. பீடியைப் பற்றவைத்தான்.

'பிப்ரவரிலயே தெரியும்பா. எல்லாத்துலயும் வலதே மங்குனா கோளாறு குழல்லயா இருக்கும்?'

'ஏன் சொல்லல?'

'சொல்லியிருந்தா பிரெஞ்ச குடுத்திருப்பியா?' என்று சிரித்தான். நானும் பாதி சிரித்துவிட்டேன், பழக்கதோஷம். பாதியில் பஸ் ஞாபகம் வந்தது.

'அதான் ஜீப்புல ஏறலியா?'

'பொண்டாட்டி புள்ள கீறாங்களே' என்றான். சாதாரணமாகச் சொன்னான்.

திட்ட வாயெடுத்தேன். அவனுக்குத் தெரிந்து, ஒரு நாளுக்குப் பதினாலு பேர் வீதம் அந்த ஜீப்பில் ஏறி இறங்கியதை நான்கு மாதம் கட்டைச்சுவரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்து பதினோரு நாள் அவர்களை ஏற்றியிருக்கிறேன். இதில் யாருக்கு எத்தனை மார்க் போடுவது? நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். மீதி ஆறையும் கேட்டான். அவை சாமைப் பானையில் இருக்கட்டும் என்றேன்.

நான்கு மணிக்கு ஜீப் வந்து நின்றது. ராஜாக்கண்ணு கீழே இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தான். கோபால்சாமி அவனையே கொஞ்ச நேரம் கவனித்தான். அதோ அந்த மரத்தில் காய் இருக்கிறதா என்று கேட்டான். 'காயெல்லாம் பறிச்சிட்டாங்களே, கிளயில ஒரு துரட்டி மட்டும் மாட்டிக்கினு கீது' என்றான் அந்தப் பையன், கண்ணைக்கூடச் சுருக்காமல்.

கோபால்சாமி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை காட்டினான்.